சிவப்பு கலர் வரும் இடங்கள்

போன மாசம் எனக்கு வந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மயிலம் போற வழியில மேடு எங்கெங்க இருக்குன்னு சொல்லணும்.

அவ்ளோதாங்க.

அத்தை இருக்கிறது திண்டிவனம். அங்கேர்ந்து ரோட்டைப் புடிச்சா கூட்டேரிப்பட்டு, அங்க திரும்பினா மயிலம். என்னைவிட அத்தைக்குத்தான் அந்த வழி நல்லா தெரியும். போன்ல அவங்க கேட்டது இதான்:

"மாப்ள, மேடு எங்க வருதுன்னு மட்டும் பார்த்து சொல்றீங்களா? மேட்டுல முட்டி நோவுது. முன்னாடியே தெரிஞ்சா கொஞ்சம் நின்னு நின்னு ஏறுவேன்."

சாதாரண மனுசன் என்ன பண்ணியிருப்பான்? "பாலத்துகிட்ட ஒண்ணு அத்தை, கூட்டேரிப்பட்டு தாண்டி ஒண்ணு"ன்னு சொல்லிட்டு போனை வெச்சிருப்பான்.

நான்தான் சாதாரண மனுசன் இல்லியே! விழுப்புரத்துல ஒரு ரோடு காண்ட்ராக்டர் ஆபீஸ்ல, கம்ப்யூட்டர்ல ரோட்டு பிளான் போடுறவன். "வாயில சொன்னா மறந்துடும் அத்தை. மேப்பாவே போட்டுக் குடுத்துடறேன். கலர்ல!"ன்னேன்.

பேஜாரு அங்கதான் ஆரம்பிச்சுது.

அத்தை எதுக்கு நடக்கிறாங்கன்னு சொல்லிடறேன். எல்லாம் எனக்காகத்தான். போன மழைக்காலத்துல டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். பிளேட்லெட்டு எறங்கிக்கினே போவுதுன்னு டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரி செல்வி ஒரே அழுகை. அத்தைதான் தெனமும் திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி, தூக்குல கஞ்சி எடுத்தாந்து, ஊட்டாத குறையா குடுத்துட்டுப் போவாங்க. அப்ப மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினாங்களாம்.

"என் மாப்ள எழுந்து வூட்டுக்கு வந்துட்டா, வெறுங்காலோட நடந்தே உன் மலைக்கு வர்றேன் முருகா. நடுவுல எந்த வண்டியிலயும் கால் வெக்க மாட்டேன்."

நான் தேறிட்டேன். அத்தையோட முட்டிதான் தேறல.

செல்வி மொதல்லயே சொல்லிட்டா. "இந்த வேண்டுதல்ல ஒரு குறையும் வரக்கூடாதுங்க. வந்தா உங்க ஒடம்புக்குத்தான் வரும்."

ஆக, இது என் உசுரு சம்பந்தப்பட்ட மேப்பு. ஜாக்கிரதையா போடணும்னு உக்காந்தேன்.

மொதல்ல ஆபீஸ்ல போடுற மாதிரியே போட்டேன். மேடுன்னா சிவப்பு, மேடு இல்லன்னா பச்சை. பட்டனைத் தட்டினேன்.

ரோடு முழுக்க பச்சை! ஒரு பொட்டு சிவப்பு இல்ல. நம்ம பக்கத்து ரோடு அப்படி. பாலத்து மேடும் கூட்டேரிப்பட்டு மேடும்கூட ஆபீஸ் கணக்குல மேடே இல்ல.

செல்வி எட்டிப் பார்த்தா. "இதுக்காங்க சாப்பிடக்கூட வராம உக்காந்துக்கினு இருக்கீங்க? வெண்டைக்கா மாதிரி இருக்கு."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சாஃப்ட்வேர்ல 'இவ்ளோ மேடு இருந்தாத்தான் சிவப்பு'ன்னு ஒரு அளவு வெச்சிருப்பாங்க. அதைக் கொறைச்சேன். ரெண்டொரு எடத்துல லேசா சிவப்பு எட்டிப் பார்த்துச்சு. இன்னும் கொறைச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில வேகத்தடைகூட மலையா தெரியிற அளவுக்குக் கொண்டாந்துட்டேன்.

இப்ப சிவப்பு வந்துச்சு. ஆனா புள்ளி புள்ளியா! அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் பொடிசா இருக்கிறது தெரியாது. அதனால ஒவ்வொரு சிவப்பையும் ரெண்டு பக்கமும் புடிச்சு நீளமா இழுத்து விட்டேன். மேப்பு ஜோரா இருந்துச்சு.

செல்வி மறுபடி வந்தா. "என்னங்க, ரோட்டுக்கு அம்மை போட்டிருக்கா?"

"இதுக்குப் பேரு கலர் ஸ்கீம்."

"எங்கம்மா கேட்டது மேடு எங்கன்னு."

"இதெல்லாம் மேடுதான்."

"நம்ம பைக்ல போவும்போது ஒண்ணும் தெரியலியே?"

"பைக்குக்குத் தெரியாது. முட்டிக்குத் தெரியும்"னேன். எனக்கே அது நல்ல பதிலா பட்டுச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அடுத்தது, இறக்கத்துக்கு ஒரு கலர் வேணும். நீலம் போட்டேன். "இங்க எங்க ஏரி வந்துச்சு?"ன்னா செல்வி. பிரவுன் போட்டேன். "டீயைக் கொட்டிட்டீங்களா?"ன்னா. அப்புறம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள்னு எதை எதோட சேர்த்தாலும் ஏதோ ஒரு கட்சிக் கொடி வந்து நிக்குது. நம்ம ஊர்ல கட்சிக்காரங்க எடுத்துக்காத கலரே இல்லீங்க! கோயிலுக்குப் போற மேப்புல எதுக்கு வம்பு?

கடைசியா சிக்னல் கலருக்கே வந்துட்டேன். ஏத்தத்துக்கு சிவப்பு, இறக்கத்துக்கு பச்சை, ரெண்டும் இல்லாத எடத்துக்கு மஞ்சள். இதுல யாருக்கு என்ன சந்தேகம் வரப்போவுது?

சந்தேகம் அன்னிக்கு சாயங்காலமே வந்துடுச்சு.

மஞ்சளுக்கு நேரா 'மட்டம்'னு எழுதி, அத்தைக்கு வாட்ஸப்புல அனுப்பியிருந்தேன். போன் அடிச்சுது. அத்தை வூட்டுக்கு எதிர் வூட்டு கன்னியம்மா அக்கா. அத்தை கூட நடக்கப் போற பொம்பளைங்கள்ல அவங்களும் ஒருத்தர்.

"தம்பி, எங்க அண்ணன் இருக்கிற ஊரை மட்டம்னு போட்டிருக்கியாமே? இன்னா மட்டத்தைக் கண்டுட்ட எங்க ஊர்ல?"

"ஐயோ அக்கா, மட்டம்னா ரோடு ஏத்தமும் இல்லாம இறக்கமும் இல்லாம..."

"பக்கத்து ஊருக்கு மட்டும் ஏத்தம் போட்டிருக்க. அவங்க இன்னா எங்களைவிட ஒசத்தியா?"

"ரோட்டைத்தாங்க்கா சொன்னேன், ஊரை இல்ல!"

"ரோடு எங்க இருக்கு? ஊர்லதானே இருக்கு?"

'மட்டம்' எடுத்துட்டு 'சமம்'னு போட்டு அனுப்பினேன். "அப்படிப் போடு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

இனிமே எந்தத் தகராறும் வரக்கூடாதுன்னு மேப்புக்குக் கீழ நல்ல தமிழ்ல ரெண்டு வரி சேர்த்தேன். 'சிவப்பு கலர் வரும் இடங்களில் நின்று, இளைப்பாறிச் செல்லவும். பச்சை கலர் வரும் இடங்களில் வேகமாகச் செல்லலாம்.'

படிச்சுப் பார்த்தேன். குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, ஆளுக்கு ஒண்ணுன்னு திண்டிவனத்துக்குக் குடுத்தனுப்பினேன்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நானும் செல்வியும் பைக்ல திண்டிவனம் போய் எறங்கினோம். செல்வி தேங்கா பழம், பூ, கட்டுசோறு எல்லாத்தையும் எடுத்துக்கினு பஸ்ல மயிலத்துக்கு முன்னாடியே போயிட்டா. நான் இவங்களை வழியனுப்பிட்டு, பின்னாலயே பைக்ல போறதா ஏற்பாடு.

தெருமுனையில அத்தையும் அவங்க கூட்டமும் தயாரா நிக்கிறாங்க. மஞ்சப் புடவை, நெத்தியில விபூதி, வெறுங்காலு, கையில ஆளுக்கொரு மேப்பு. ஒரு பையில அவிச்ச மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, வேற. பார்க்கவே நெறைவா இருந்துச்சு.

ஆனா ஒருத்தர் கையிலயும் தண்ணி பாட்டில் இல்ல.

"அத்தை, தண்ணி எங்க?"

"அது எதுக்கு மாப்ள வீணா செமந்துக்கினு? அதான் வழி முழுக்க நீங்க கலரு ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே!"

"என்ன கலரு?"

"சிவப்பு கலரு. எங்கெங்க வரும்னு அட்டையிலயே போட்டிருக்கீங்களே, மாப்ள."

அப்பதாங்க மண்டையில ஒறைச்சுது. நம்ம பக்கம் கலருன்னா என்ன? பெட்டிக்கடையில கண்ணாடி பாட்டில்ல விக்கிற கலரு! ரோஸ் கலரு, ஆரஞ்சு கலரு, எலுமிச்சை கலரு. வூட்டுக்கு யாராவது வந்தா "ஓடிப்போய் ஒரு கலரு வாங்கியா"ன்னு சொல்லுவாங்களே, அந்தக் கலரு. நான் பொறந்ததுலேர்ந்து குடிச்சது அதான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்ததும் அது மட்டும் எப்படி மறந்துச்சோ!

'சிவப்பு கலர் வரும் இடங்களில் நின்று, இளைப்பாறிச் செல்லவும்.' எவ்ளோ அழகா எழுதியிருக்கேன் பாருங்க!

கன்னியம்மா அக்கா மேப்பைத் தூக்கிப் புடிச்சுக்கினு கிட்ட வந்தாங்க. "தம்பி, ஒரே ஒரு சந்தேகம். சிவப்பு கலரை நின்னு குடிக்கணும், அது சரி. பச்சை கலரு வர்ற எடத்துல வேகமா போவணும்னு போட்டிருக்கியே. அதை எப்படிடா குடிக்கிறது?"

"எனக்கு சுகரு இருக்குப்பா, நான் எதைக் குடிக்கிறது?"ன்னு இன்னொரு அம்மா.

உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அத்தை அந்தப் பொம்பளைங்க பக்கம் திரும்பி, "எங்க மாப்ள எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு. முட்டி நோவுதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மேட்டுக்கு மேடு கலரு வெச்சுட்டாரு பாருங்க!"ன்னாங்க.

அந்த மொகத்துல இருந்த பெருமையைப் பார்த்துட்டு யாராலங்க உண்மை பேச முடியும்?

"ஆமா அத்தை. நீங்க நடந்துக்கினே இருங்க. வண்டி பின்னாலயே வருது"ன்னேன்.

எந்த வண்டின்னு எனக்கே தெரியாது.

மார்க்கெட்டாண்ட ஓடினேன். குட்டியானைன்னு சொல்லுவோமே, அந்த சின்ன லோடு வண்டி ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சு. டிரைவர் பேரு ரபேல். மாதா படத்துக்கு சாமந்திப்பூ வெச்சுக்கினு இருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும், "கோயில் காரியம்னா இன்னா சார், எந்தச் சாமியா இருந்தா இன்னா, வாங்க"ன்னு கெளம்பிட்டாரு. நல்ல மனுசன். அதைப் பின்னாடி மறந்துடாதீங்க.

சோடாக்கடைக்காரரை எழுப்பி, ரோஸ் கலரு பெட்டி பெட்டியா ஏத்தினோம். பச்சை மட்டும் இல்ல. மேப்புல பச்சையும் போட்டுத் தொலைச்சிருக்கேனே! இல்லன்னா கன்னியம்மா அக்கா சும்மா விடுவாங்களா?

"ரபேல் அண்ணே, நீங்க ஜல்தியா முன்னாடி போங்க. நான் பச்சை தேடி எடுத்துக்கினு வர்றேன். இந்தாங்க மேப்பு. சிவப்பா இருக்கிற எடத்துல எல்லாம் நில்லுங்க. அங்கதான் அவங்க டயர்டா இருப்பாங்க. மத்ததெல்லாம் இதுலயே எழுதியிருக்கு."

ரபேல் மேப்பை வாங்கி வாய்விட்டுப் படிச்சாரு. "சிவப்பு, ஏத்தம். பச்சை, இறக்கம். மஞ்சள், சமம்." தலையை ஆட்டினாரு. "புரிஞ்சுது சார். இது நம்ம தெனமும் பண்ற வேலைதானே!"

ஒரு லோடு வண்டிக்காரருக்கு ரோட்டு மேப்பு படிச்ச ஒடனே புரியிதுன்னா, எவ்ளோ தெளிவா போட்டிருக்கேன்! எனக்கு அந்த அவசரத்துலயும் பெருமையா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில திண்டிவனத்துல பச்சை கலரு தேடி அலைஞ்சிருக்கீங்களா? அலையாதீங்க. ஒரு கடையில "ஆரஞ்சு இருக்கு, ஊத்தித் தரட்டுமா?"ங்கிறான். இன்னொரு கடையில "பச்சையா? அதெல்லாம் எங்கப்பா காலத்துல"ங்கிறான். கடைசியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு கடையில தூசி புடிச்ச பெட்டி ஒண்ணு கெடைச்சுது. கடைக்காரர் அதை ஒவ்வொரு பாட்டிலா தொடைச்சுக் குடுத்தாத்தான் மனசாறும்னுட்டாரு. அவரு தொடைச்சாரு, நான் நின்னேன். வெயில் ஏறிக்கினே போச்சு.

பெட்டியை பைக்ல கட்டிக்கினு பறந்தேன். கண்ணு ரெண்டும் ரோட்டோரத்துலயே. முதல் சிவப்பு தாண்டியாச்சு, ஆளைக் காணோம். ரெண்டாவது சிவப்பு, அங்கயும் காணோம். கூட்டேரிப்பட்டுல திரும்பியாச்சு. ஒரு மஞ்சப் புடவை கூட கண்ணுல படல. எங்கனா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களோன்னு மரத்தடி மரத்தடியா பார்த்துக்கினே வந்தேன்.

மயிலம் அடிவாரத்துக்கு வந்தா, மரத்தடியில மொத்தக் கூட்டமும் உக்காந்து மல்லாட்டை உரிச்சுக்கினு இருக்கு! எல்லார் வாயும் ரோஸ் கலர்ல இருக்கு. ஒருத்தர் மொகத்துலயும் களைப்பு இல்ல. பக்கத்துல செல்வி.

நான் பைக்கை விட்டு எறங்கினது எறங்கினபடி, "பார்த்தியா செல்வி! வெண்டைக்கான்னியே, அம்மைன்னியே! இவ்ளோ தூரத்தை இவ்ளோ சீக்கிரம் நடந்து வந்திருக்காங்கன்னா அதுக்கு என்ன காரணம்? கலர் ஸ்கீம்!"னு கத்தினேன்.

ரபேல் சிரிச்ச மொகத்தோட வந்தாரு. "சார், நீங்க போட்டபடியே கரெக்டா முடிச்சுட்டேன். சிவப்புல எல்லாம் ஏத்தி, பச்சையில எல்லாம் இறக்கி, பத்திரமா கொண்டாந்துட்டேன்."

"எதை ஏத்தி?"

"ஆளுங்களைத்தான் சார்."

"அண்ணே! கலரு குடுக்கத்தானே அனுப்பினேன்!"

"கலரும் குடுத்தேன் சார். வண்டியில வெச்சுக் குடுத்தேன். அட்டையில ஏத்தம், இறக்கம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? சமம்னு வேற எழுதியிருந்தீங்க. அதனால ரெண்டு பக்கமும் ஆளுங்களை சமமா உக்கார வெச்சுத்தான் எடுத்தேன். அந்தக் குண்டு அம்மாவை மட்டும் நடுவுல."

என் காலுக்குக் கீழ ரோடே இல்ல.

செல்வி எழுந்தா. "அம்மா, நீ வண்டியில ஏறினியா?"

அத்தை தலையைக் குனிஞ்சுக்கினு, மல்லாட்டைத் தோலை ஒண்ணு ஒண்ணா ஒதுக்கினாங்க. "நான் முடியாதுன்னுதான்டி சொன்னேன். 'இது உங்க மாப்ள ஆர்டரும்மா'ன்னு இந்தத் தம்பி அட்டையைக் காட்டிச்சு. பார்த்தா ஏத்தம்னுதான் போட்டிருக்கு. நான் கேட்டது மேடு. மேடுன்னு போட்டிருந்தா நான் ஏன் ஏறப் போறேன்? இவங்க எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க. இவ்ளோ பெருமையா சொல்லிட்டு, மாப்ள பேச்சை நானே தட்டினா அவருக்கு என்னடி மரியாதை?"

சிரிப்பா எழுதிக்கினு வர்றேன், ஆனா அந்த நிமிசம் சிரிப்பு வரல. எனக்காக நடக்க வந்த மனுசி, என் மரியாதைக்காக வண்டியில ஏறியிருக்காங்க. பேசாம போன்லயே ரெண்டு மேட்டைச் சொல்லியிருந்தா இந்தம்மா நிம்மதியா நடந்து வந்திருப்பாங்க.

"வேண்டுதல் போச்சு"ன்னா செல்வி. கண்ணு கலங்கிடுச்சு. "இனிமே இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நேரம் பார்த்து ஒரு கொசு வந்து என் கையில உக்காந்துச்சு.

மொத்தக் கூட்டமும் அந்தக் கொசுவையே பார்த்துச்சு. செல்வி பளார்னு ஒண்ணு வெச்சா. அடிச்சது கொசுவையா என்னையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அத்தை புடவையை உதறிக்கினு எழுந்தாங்க. "யாரும் ஒண்ணும் பேச வாணாம். நான் திரும்பப் போய் மொதல்லேர்ந்து நடந்துடறேன்." எழும்போதே முட்டி 'சடக்'னு ஒரு சத்தம். எனக்குக் கேட்டுச்சு.

கன்னியம்மா அக்காதான் குறுக்க வந்தாங்க. "எதுக்கு மொதல்லேர்ந்து? நடந்ததெல்லாம் நடந்ததுதானே! வண்டியில வந்த தூரம் மட்டும்தான் பாக்கி. அது எது எதுன்னு..."

"எப்படிங்க்கா தெரியும்?"னா செல்வி.

"அதான் சிவப்பா போட்டு வெச்சிருக்கே!"

மேப்பு போட்டதுலேர்ந்து அதுக்கு ஒரு உருப்படியான உபயோகம் இப்பதான் கெடைச்சுது.

"சரி, சிவப்பை மட்டும் நடக்கிறேன்"னு அத்தை ஒரு அடி வெச்சாங்க.

"நீங்க உக்காருங்க அத்தை. நான் நடக்கிறேன்"னேன்.

"வாணாம் மாப்ள. இப்பதான் ஒடம்பு தேறியிருக்கு."

"எனக்காக வேண்டிக்கினதுதானே? நான் நடந்தா முருகன் வாணாம்னா சொல்லப் போறாரு? கஞ்சி கொண்டாந்து குடுத்தீங்க. நான் பதிலுக்குக் கலரைக் குடுத்துக் கெடுத்துட்டேன், இதையாவது பண்றேன்."

அத்தை என்னையே பார்த்தாங்க. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கினு உக்காந்துட்டாங்க. "நாங்க மலை ஏறாம காத்துக்கினு இருக்கோம். சாயங்காலம் நடை தொறக்கிறதுக்குள்ள வந்துடுங்க. சேர்ந்தே போவலாம்."

எனக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்காரன் அப்பவும் சும்மா இல்ல. இங்கேர்ந்து திண்டிவனம் பக்கமா நடந்தா ஏத்தமெல்லாம் இறக்கமா ஆயிடுமே! பைய செருப்பைக் கழட்டி வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற தம்பி?"ன்னாங்க கன்னியம்மா அக்கா. "சிவப்புன்னா ஏத்தம்னு நீதானே போட்ட? அங்க போய் நின்னு இப்படி ஏறிக்கினு வா."

சரின்னு ரபேலைக் கூப்பிட்டேன். இப்ப ஏற்பாடு என்னன்னா, திண்டிவனம் வரைக்கும் வண்டியில போவணும். அங்கேர்ந்து திரும்பி வரும்போது சிவப்பு வந்தா நான் எறங்கி நடக்கணும், சிவப்பு முடிஞ்சா வண்டியில ஏறிக்கணும்.

ரபேல் மேப்பை எடுத்து வெச்சுக்கினு ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அப்ப சார், இப்ப சிவப்பு இறக்கம், பச்சை ஏத்தம். அப்படித்தானே? தெளிவா சொல்லிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"அப்படித்தாங்கண்ணே."

"மாத்தி எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதியும் குடுத்தேன்.

முதல் சிவப்புல எறங்கினேன். தார் ரோடு, உச்சி வெயில், வெறுங்காலு. கால் வெச்ச ஒடனே முருகனை எல்லாப் பேரும் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்.

மேடு எங்கன்னு பார்க்கிறேன், மேட்டையே காணோம். ரோடு மொழுமொழுன்னு சமமா கெடக்குது. ரொம்ப தூரம் போனப்புறம் நடுவுல ஒரு வேகத்தடை. அதான் மேடு! அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளமா இழுத்து விட்டது யாரு? நான்தான். அத்தை கண்ணுக்கு நல்லா தெரியணுமேன்னு ஆசை ஆசையா இழுத்து விட்டேனே, அதுல ஒவ்வொரு அடியும் இப்ப என் உள்ளங்கால்ல ஏறுது.

முட்டிக்குத் தெரியும்னேனே, முட்டிக்கு ஒண்ணுமே தெரியல. பாதத்துக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுது.

ரபேல் பக்கத்துலயே வண்டியை மெதுவா ஓட்டிக்கினு, மிச்சம் இருந்த ரோஸ் கலரை உறிஞ்சிக்கினு வந்தாரு. "சார், இந்த சிவப்பு ரொம்ப நீளமா இருக்கே. யாரு போட்டது?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

ஒரு எடத்துல பெட்டிக்கடைக்காரர் ஒருத்தர் கேட்டாரு. "இன்னா சார், வண்டி கூடவே வருது, எறங்கி நடந்துக்கினு இருக்கீங்க?"

"இது மேடுங்க. மேட்டுல நடக்கணும்னு வேண்டுதல்."

அவரு ரோட்டை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் என் மொகத்தைப் பார்த்தாரு. குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நேரம் வெயில்ல இருக்காதீங்க சார். உக்காருங்க, ஒரு கலரு குடிச்சுட்டுப் போங்க"ன்னாரு.

"எந்தக் கலரும் வாணாங்க"ன்னு கும்பிட்டுட்டு நடந்தேன்.

பச்சை வந்தா மட்டும் ரபேல் என்னை ஏத்திக்கினு விரட்டுவாரு. 'பச்சை கலர் வரும் இடங்களில் வேகமாகச் செல்லலாம்'னு போட்டிருக்கே! மேப்புல இருக்கிறதை அப்படியே செஞ்ச ஒரே மனுசன் அவருதான்.

இப்படியே எறங்கி ஏறி, எறங்கி ஏறி, ஒரு வழியா கடைசி சிவப்பையும் முடிச்சு அடிவாரத்துக்கு வந்தப்ப வெயில் தாழ்ந்துடுச்சு. நொண்டிக்கினு வர்ற என்னைப் பார்த்து அத்தை ஓடி வந்தாங்க, அந்த முட்டியோட! சொம்புத் தண்ணியை என் காலு மேல ஊத்தினாங்க. வாணாம் வாணாம்னு சொல்லியும் கேக்கல.

"போதும் மாப்ள. ஒரு குறையும் இல்ல. முருகன் ஏத்துக்குவாரு."

ரபேல் சட்டுனு திரும்பினாரு. "ஏத்தணுமா?"

"வாணாம்!"னு மொத்தக் கூட்டமும் கத்துச்சு.

செல்வி சிரிச்சுட்டா. காலையிலேர்ந்து அவ சிரிச்சது அப்பதான். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. கன்னியம்மா அக்கா மட்டும் பச்சை கலரு ஒண்ணை ஒடைச்சுக் குடிச்சுட்டு, "இதுக்கா இவ்ளோ பாடு?"ன்னு மொகத்தைச் சுளிச்சாங்க.

மேல மணி அடிச்சுது. நடை தொறந்துட்டாங்க. எல்லாரும் தட்டு, பூ, தேங்காயோட படிக்கட்டு பக்கம் நடந்தோம். அத்தை மொதல் படியில காலை வெச்சு நின்னாங்க. அண்ணாந்து பார்த்தாங்க. நானும் பார்த்தேன். படி மேல படியா, செங்குத்தா, மேல கோபுரம் வரைக்கும்.

அத்தை கையில இருந்த மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, வெகுளியாத்தான் கேட்டாங்க.

"மாப்ள, இந்த மலை இதுல என்ன கலரு?"

வழியெல்லாம் மேட்டைத் தேடித் தேடி சிவப்பு அடிச்சவன், மலையைப் போட மறந்துட்டேன்.